உப்சாலாவின் பொதுச் சமையலறை

மேனாடு சென்று படித்துத் திரும்பியவர்களைக் கண்டால் நம் ஊரார் முதலிற் கேட்பது, "எந்தெந்த நாடுகளைப் பார்த்தீர்கள்?" என்பதே. என்னிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் கேட்கும் கேள்வி வேறு. "அங்கே தனியாக எப்படி இருந்தீர்கள், சேர்?" என்பர் அவர்கள். முன்னைய கேள்விக்கு விடை கூறுதல் எளிது. பழைய புகையிரதச் சீட்டுகளையும் நிழற்படங்களையும் எடுத்துப் பரப்பினால் அவையே விடையாகிவிடும். பின்னைய கேள்வியே சிந்தனைக்கு உரியது. ஐரோப்பாவிற் பயிலும் மாணவன் ஒருவன் விரிவுரை மண்டபத்திற் கழிக்கும் நேரம் வாரத்திற் சில மணித்தியாலங்களே. எஞ்சிய பொழுதை அவன் யாருடன், எவ்வாறு கழிக்கிறான் என்பதைப் பொறுத்தே அவனுடைய கல்வியின் பெரும்பகுதி அமைகிறது. அந்தப் பெரும்பகுதியைப் பற்றிச் சில சொல்லலாம் என எண்ணுகிறேன்.

நான் சென்ற இடம் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரம். தலைநகராகிய ஸ்டொக்ஹோமுக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில், சிறியதோர் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்தது அது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1477ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நோர்டிக் நாடுகளுள் அதனினும் பழைய பல்கலைக்கழகம் வேறில்லை. தாவரவியலில் முதுமாணிப் பட்டப்படிப்பை மேற்கொள்ளும் பொருட்டு 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் நான் அங்கு போய்ச் சேர்ந்தேன். செல்வம் படைத்த குடும்பத்தவன் அல்லேன். ஆயினும், அக்காலத்திற் சுவீடன் அரசு எந்நாட்டு மாணவரிடமிருந்தும் கற்பித்தற் கட்டணம் அறவிடுவதில்லை. உண்ணவும் உறங்கவும் வேண்டிய பணத்தைக் காட்டினாற் போதும். அப்பணம் அம்மாவின் நகையாகவும் மாமாவின் சேமிப்பாகவும் இருந்து வங்கிக் கணக்காக மாறியது. ஏ9 வீதி மூடப்பட்டிருந்த காலம் அது. காங்கேசன்துறையிற் கப்பலேறித் திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து கொழும்பு சென்று, பின்னரே ஆகாய விமானத்தைக் கண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்ற நாட்கள், கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற மணித்தியாலங்களை விட நீண்டவையாக இருந்தன.

எனக்கு அறை கிடைத்தது நகரின் மேற்கு எல்லையில் உள்ள ஃபுளோக்ஸ்தா என்னும் மாணவர் குடியிருப்பில். உயர்ந்த மாடிக் கட்டடங்கள் பல அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மாடியிலும் நீண்டதொரு நடைகூடம். அதன் இருமருங்கும் தனித்தனி அறைகள். எங்கள் நடைகூடத்தில் அறைகள் பன்னிரண்டு, சமையலறை ஒன்று. இரவு பத்து மணியானதும் மாணவர் யன்னல்களைத் திறந்துகொண்டு வானை நோக்கிப் பெருங்குரலிற் கத்துவர். அது பல்லாண்டுகளாக அங்கு நிலவும் வழக்கம். பரீட்சைச் சுமையைக் கத்தித் தீர்ப்பதாகச் சொல்வார்கள். முதல் நாள் இரவு அக்கூக்குரலைக் கேட்டு நான் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன். எங்கள் ஊரில் இரவிற் கூக்குரல் எழுந்தால் அதன் பொருள் வேறு. மறுநாள் காலையிற் சமையலறையில் இதனைக் கூறியபோது அங்கிருந்தோர் சிரிக்கவில்லை. தேநீர்க் கிண்ணமொன்றை என் பக்கம் நகர்த்திவைத்தனர்.

அந்தச் சமையலறையே என் உண்மையான விரிவுரை மண்டபம் எனலாம். போலந்து, ஈரான், எதியோப்பியா, சீனா, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் பிள்ளைகளும் சுவீடனின் பல மாகாணத்தவரும் அங்கே ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்டோம். குளிர்ப்பெட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு உரியது. சுவரிலே துப்புரவுப் பணி அட்டவணை ஒன்று தொங்கும். இவ்வாரம் தரை கூட்டுபவர் யார், குப்பை அகற்றுபவர் யார் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அமைச்சரின் மகனாயினும் அகதியின் மகனாயினும் தன் முறை வந்தாற் செய்தேயாகவேண்டும். நமது நாட்டிலே ஆண்பிள்ளை உண்ட கோப்பையை எடுத்துக் கழுவினால் அம்மா பதறிப்போவாள். "விடு தம்பி, நான் பார்க்கிறன்" என்பாள். அந்த அன்பினால் நாம் இழப்பது எவ்வளவு என்பதை அங்கேதான் உணரலாம். பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவுகிறவனோடு பேச்சுத் தானாகவே பிறக்கும். எதிரெதிரே நாற்காலி போட்டு அமர்ந்தால் எளிதில் வராத சொற்கள், கையிற் சவர்க்கார நுரை இருக்கும்போது வந்துவிடும்.

நான் சைவ உணவு உண்பவன். வெள்ளிக்கிழமைகளிற் சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும் சமைத்து, நெற்றியிலே திருநீறு அணிந்து உண்பேன். அச்சாம்பல் யாது என ஈரானிய நண்பன் ஒருநாள் கேட்டான். எல்லாம் ஈற்றிற் சாம்பலாவதை நினைவூட்டுவது என்றேன். அவன் சிறிது நேரம் யோசித்து, "அப்படியாயின் உண்பதற்கு முன் அணிவது நல்லதுதான், அளவோடு உண்ணலாம்" என்றான். சமயத்தைப் பற்றி நாங்கள் நடத்திய வாதங்கள் பல. ஆயினும் அடுப்பு ஒன்றே ஆதலால், எந்த வாதமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி நீடித்ததில்லை.

சுவீடன் மக்கள் குளிர்ந்த சுபாவத்தினர் என்று சொல்வாருண்டு. பேரூந்திற் பக்கத்து இருக்கை வெறுமையாயிருந்தாலும் நின்றுகொண்டே பயணஞ் செய்வார்கள். அயலவரைக் கண்டால் வானத்தைப் பார்ப்பார்கள். ஆனால் வீட்டு வாயிலிலே பாதணியைக் கழற்றிவிட்டே உட்செல்வார்கள். இது நம் வீட்டு வழக்கமாதலால் எனக்கு முதன்முதல் உறவு தோன்றியது அந்த வாயிற்படியிலேதான். 'ஃபீக்கா' எனப்படும் கோப்பி வேளை அவர்களுக்கு ஒரு நியமம் போன்றது. காலையிலும் பிற்பகலிலும் வேலையை நிறுத்திவிட்டுச் சேர்ந்திருந்து கோப்பி அருந்துவர். ஆய்வுகூடத்திலே பேராசிரியரும் கண்ணாடிக் குழாய் கழுவும் பணியாளரும் ஒரே மேசையில் அமர்வர். பேராசிரியரைப் பெயர் சொல்லியே அழைக்கவேண்டும். 1960களின் பிற்பகுதி வரை அவர்களும் பட்டமும் பதவியும் சொல்லியே ஒருவரையொருவர் விளித்தனர். அதன் பின்னர் நாடு முழுவதும் 'டு' என்னும் ஒற்றைச் சொல்லுக்கு மாறிவிட்டது. நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் வைத்துப் பேசும் யாழ்ப்பாணத்து நாவுக்கு இது எளிதன்று. ஒரு மாத காலம் வரை நான் பெயரும் சொல்லாமல், பட்டமும் சொல்லாமல், தொண்டையைச் செருமியே பேராசிரியரை அழைத்தேன். ஆயினும் ஒன்று கண்டேன். மரியாதை என்பது விளிச் சொல்லில் மட்டும் இருப்பதன்று. மாணவன் மறுத்துப் பேசும்போது இடைமறியாது கேட்டிருத்தலும் மரியாதையே. அவர் என்னிடம் அம்மரியாதையைக் காட்டினார். என் மாணவர் இன்றும் என்னைச் "சேர்" என்றே அழைக்கின்றனர். அதில் எனக்கு மறுப்பில்லை. கேள்வி கேட்க எழுந்தவனை இருத்துவதில்லை என்பது மட்டுமே நான் அங்கிருந்து கொண்டுவந்த வழக்கம்.

உப்சாலா மாணவரின் பொது வாழ்வுக்கு நடுநாயகமாக விளங்குவன 'நேஷன்' எனப்படும் மாணவர் சங்கங்கள். பதின்மூன்று சங்கங்கள் உண்டு. சுவீடனின் வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வந்த பிள்ளைகள் 17ஆம் நூற்றாண்டிலே தத்தம் ஊரவரோடு கூடியதால் உண்டானவை அவை. பெயர்களுட் பலவும் மாகாணப் பெயர்களே. நான் பயின்ற காலத்தில் ஒவ்வொரு மாணவனும் ஏதேனும் ஒரு சங்கத்திற் சேர்ந்தேயாகவேண்டும். அக்கட்டாயம் 2010இல் நீங்கியது. சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம், நூலகம், உணவுச்சாலை எல்லாம் இருக்கும். மாணவரே சமைப்பர், மாணவரே பரிமாறுவர், கணக்கும் அவர்களே எழுதுவர். சில மாலைகளில் நானும் அங்கே பாத்திரம் கழுவியிருக்கிறேன். வேலை செய்தோர்க்கு நன்றி கூறிப் பின்னொரு நாள் விருந்து வைப்பார்கள்.

அந்த விருந்து 'காஸ்க்' எனப்படும். ஆடவர் கறுப்பு உடையிலும் பெண்கள் நீண்ட ஆடையிலும் வருவர். ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் தரப்படும். ஒரு கறிக்கும் மறு கறிக்கும் இடையே எழுந்து பாடவேண்டும். கிண்ணத்தை உயர்த்தும்போது வலப்புறம் இருப்பவரையும் இடப்புறம் இருப்பவரையும் எதிரே இருப்பவரையும் முறையாக நோக்கி, அருந்தி, மீண்டும் நோக்கிய பின்னரே கீழே வைக்கவேண்டும். கிண்ணத்தில் மது இருத்தல் வேண்டும் என்ற கட்டாயமில்லை. நான் பழரசத்துடனே எல்லா விருந்தையும் நிறைவு செய்தேன். தேசிய உடை எந்நாட்டினதாயினும் விழா உடையாக ஏற்கப்படும் என அறிந்து, ஒருமுறை வேட்டியும் சால்வையும் தரித்துச் சென்றேன். வெளியிலோ முழங்கால் அளவு பனி. வேட்டிக்குள்ளே கம்பளிக் காற்சட்டையும், காலிற் பெருஞ்சப்பாத்துமாக நான் நடந்த கோலத்தை அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

குளிர்காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மார்கழியில் அங்கே சூரியன் காலை எட்டே முக்கால் அளவில் எழுந்து, பிற்பகல் மூன்று மணிக்கு முன் மறைந்துவிடுவான். பகல் ஆறு மணித்தியாலமும் இல்லை. குளிரை உடையால் வெல்லலாம். இருளை அவ்வாறு வெல்ல இயலாது. வெப்ப நாட்டிலிருந்து வந்த மாணவர் சிலர் அறையைப் பூட்டிக்கொண்டு, கணினித் திரையில் ஊராருடன் மட்டும் பேசிக்கொண்டு அக்காலத்தைக் கழிப்பர். ஸ்டொக்ஹோமில் வாழும் நம்மவர் வீடுகள் எனக்கும் திறந்தே இருந்தன. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்று உண்டிருக்கிறேன். அந்த உபசாரத்தை மறத்தல் தகாது. ஆயினும் கிழமை நாட்களின் இருளை நீக்குவதற்கு அண்டை அறையிலுள்ளவரின் துணை வேண்டும். அதனாற்றான் அங்கே மார்கழி முழுவதும் யன்னல் தோறும் விளக்கேற்றி வைக்கிறார்கள் போலும். கார்த்திகை விளக்கீடு கண்ட கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

எங்கள் நடைகூடத்திற் சுவீடனின் வடகோடியிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இருந்தான். அவன் பேசியதை எண்ணிவிடலாம். 'ஆம்' என்று சொல்லவேண்டிய இடத்திலும் வாயைக் குவித்து மூச்சைச் 'சுப்' என்று உள்ளிழுப்பான். வடபகுதி மக்களின் வழக்கம் அது. நான் சமைக்கும்போது கதவோரம் நின்று பார்ப்பான். கேட்டால் மூச்சை இழுப்பான். அவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலும் என்று ஸ்பானிய நண்பர்கள் சொல்வதுண்டு.

2009ஆம் ஆண்டு பிறந்தது. வன்னியிலே போரின் இறுதி மாதங்கள். என் பெரியம்மாவின் குடும்பம் அங்கே அகப்பட்டிருந்தது. மாசி மாதத்துக்குப் பின் அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வைகாசியில் நான் அறையை விட்டு வெளியே வருவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் மாலை கதவு தட்டப்பட்டது. அந்த வடநாட்டவன் நின்றான். கையிலே ஒரு தட்டு. அதிற் சோறும் பருப்பும். பலநாள் நின்று பார்த்ததை வைத்துத் தானே சமைத்திருந்தான். மஞ்சள் மிகுந்து, உப்புக் குறைந்திருந்தது. "வெளியே வரவேண்டாம், ஆனால் நீ சாப்பிடவேண்டும்" என்றான். பின்னர் தரையிலே சுவரிற் சாய்ந்து உட்கார்ந்து, நான் உண்டு முடிக்கும் வரை ஒன்றும் பேசாதிருந்தான். எதியோப்பிய நண்பன் மறுநாள் வந்தான். அவன் நாடும் போரை அறிந்த நாடு. ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லாமல் கோப்பிக் கொட்டையை வறுத்து, இடித்து, எனக்கெனக் காய்ச்சித் தந்தான்.

சில வாரங்களின் பின் சமையலறைக்குச் சென்றபோது சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். நான்கு வாரங்கள் என் பெயர் இருந்த இடங்களெல்லாம் வெட்டப்பட்டு, வேறு வேறு கையெழுத்துகளில் வேறு வேறு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அதுபற்றி யாரும் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, இன்றளவும் சொன்னதில்லை. ஆனி நடுப்பகுதியிற் செட்டிகுளம் முகாமிலிருந்து செய்தி வந்தது. பெரியம்மாவும் பிள்ளைகளும் உயிருடன் இருந்தனர். பெரியப்பா இல்லை.

இனிப் பயணங்கள். அவ்வாண்டுக் கோடை விடுமுறையிற் போலந்து நண்பன் என்னை வற்புறுத்தி அழைத்துச் சென்றான். மால்மோ நகரிலிருந்து டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குக் கடல்மேற் பாலமும், செயற்கைத் தீவும், கடலடிச் சுரங்கமும் சேர்ந்த வழியாகப் புகையிரதம் செல்கிறது; 2000ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. புகையிரதம் 1990இல் எங்கள் ஊருக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தது. மீண்டும் வந்தது 2014இலேதான். அப்படிப்பட்ட ஊரவன் புகையிரதத்தில் அமர்ந்து கடலைக் கடந்து இன்னொரு நாட்டுக்குட் சென்றேன். கடவுச்சீட்டைக் கையில் இறுகப் பிடித்திருந்தேன். அன்று அதனைக் கேட்பார் எவருமிலர். ஓமந்தையிலே ஒரே நாட்டுக்குள் பையை அவிழ்த்துக் காட்டிப் பழகிய கைகள், கேட்பாரின்றிச் சும்மா இருந்தன. பேர்லின் நகருக்குச் சென்றபோது இதற்கு மறுபக்கத்தையும் கண்டேன். 1961இல் எழுப்பி 1989இல் திறக்கப்பட்ட மதில் நின்ற இடத்திலே, தெருவின் குறுக்காக இரட்டை வரிசைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். மக்கள் பேசிக்கொண்டே அவற்றைக் கடந்து போகிறார்கள். தன் பாட்டனார் காலத்துப் போலந்தின் கதையை நண்பன் சொல்லச் சொல்ல, அக்கோட்டின்மேல் நெடுநேரம் நின்றேன். எல்லைகளும் மனிதர் இட்டவையே, எடுக்கவும் படுவன என்பதை நூலிற் படித்தல் வேறு. அதன்மேற் காலை வைத்து நிற்றல் வேறு.

2010ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், நான் நாடு திரும்புமுன், அந்த மௌன நண்பன் தன் ஊருக்கு அழைத்தான். உப்சாலாவிலிருந்து இரவுப் புகையிரதம் ஏறி வடதுருவ வட்டத்தையும் கடந்து கிருனா என்னும் இரும்புச் சுரங்க நகரை அடைந்தோம். அங்கே அப்பருவத்திற் சூரியன் மறைவதேயில்லை. நள்ளிரவு வெயிலிலே அவன் தாயார் புதிய உருளைக்கிழங்கு அவித்துத் தந்தார். மகன் சொல்லியிருந்தான் போலும். மீனும் இறைச்சியும் என் தட்டின் பக்கம் வரவேயில்லை. அவ்வூரில் 1912இற் கட்டப்பட்ட பெரிய மரத் தேவாலயத்தைக் காட்டினான். நிலத்தடியில் இரும்பு தோண்டத் தோண்ட ஊரே இடம்பெயர வேண்டிய நிலை. 2025 ஆகஸ்ட் மாதத்தில் 672 தொன் எடையுள்ள அத்தேவாலயத்தை அப்படியே தூக்கி, இரண்டு நாட்களில் 5 கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுசென்று நிறுத்தினார்கள். நண்பன் நிழற்படம் அனுப்பினான். "உங்களுக்கு இடம்பெயர்தல் என்றால் என்னவென்று தெரியும்" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தான்.

இவ்வாறு பிறரை அறியும்போது, நம்மை யார் என்று அவர்கள் கேட்பதற்கும் விடை வேண்டியிருக்கிறது. ஒருமுறை வீட்டிலிருந்து பனங்கட்டி வந்தது. தேநீருடன் பகிர்ந்தேன். எந்த மரத்தினது என்று கேட்டார்கள். படம் வரைந்து காட்டினேன். ஓலையும், நாரும், கிழங்கும், நுங்கும் பற்றிச் சொன்னேன். பனைக்கு விஞ்ஞானப் பெயரைச் சூட்டியவர் அதே உப்சாலாவிற் பேராசிரியராயிருந்த லின்னேயஸ், ஆண்டு 1753. அன்று நாங்கள் செலவிட்ட நூறு குரோனர் தாளிலே அவர் உருவந்தான் இருந்தது. இலங்கைக்கு ஒருபோதும் வாராமலே, ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வைத்தியராயிருந்த ஹேர்மன் சேர்த்த உலர்ந்த செடிகளைக் கொண்டு, 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர் அவர். அவருடைய தோட்டம் எங்கள் ஆய்வுகூடத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இருந்தது. எங்கள் வேலிக்கரை மரத்தின் வரலாற்றைத் தேடி நான் அங்கே நூலகத்திற் செலவிட்ட நாட்கள் பல. நண்பர் கேட்டிராவிடில் தேடியிருப்பேனோ என்பது ஐயமே.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2011 முதற் சுவீடன், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் கட்டணம் அறவிடுகிறது. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களுட் பல இன்னும் கட்டணமின்றிக் கற்பிக்கின்றன. இராஸ்மஸ் முண்டஸ் போன்ற புலமைப்பரிசில்களும் உண்டு. வழியைத் தேடுபவர்க்கு வழி இருக்கிறது. அதனைத் தேடும்போதே வேறு சிலவற்றையும் கற்றுக்கொள்ளுமாறு என் மாணவர்க்குச் சொல்வேன். சோறும் மூன்று கறியும் சமைக்கப் பழகுங்கள். நீங்கள் உண்ட கோப்பையை இன்றிரவே நீங்கள் கழுவுங்கள். உங்கள் ஊரிலுள்ள மரம், குளம், கோவில் ஆகியவற்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தெரிந்துகொள்ளுங்கள். தாய்மாருக்கும் ஒன்று: மகன் பாத்திரம் கழுவ வந்தாற் தடுக்காதீர்கள். நாளை எங்கோ ஒரு குளிர்நாட்டிலே அவனுக்கு ஒரு நண்பன் கிடைப்பது அந்தத் தண்ணீர்க் குழாயடியிலாகவும் இருக்கலாம்.